பிள்ளைகள் டொக்டர் உங்கள் ஜிபியிடமே வந்தால்: லண்டன் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தேவையில்லை, பிள்ளைகள் ஸ்பெஷலிஸ்ட் இங்கேயே வந்து பார்ப்பார்" என்று ஜிபி, அதாவது எங்கள் குடும்ப டொக்டர், சொன்னால் எங்கள் பெற்றோரில் கனபேருக்கு முகம் வாடிப்போகிறது. பெரிய இடத்துக்கு அனுப்பாமல் சமாளிக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பால் நல்ல ஒரு வாய்ப்பைத் தட்டிக்கழித்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. வடமேற்கு லண்டனில் தமிழ்ப் பெற்றோருக்கு மொழி உதவிக்காகக் கூடப் போகிறவள். ஹாரோ, வெம்பிளி, சவுத்ஹோல் பக்கம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

இது என்ன திட்டம்? புதிதாக வந்ததா?

புதிது இல்லை, தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பாடிங்டனில் உள்ள சென்ட் மேரிஸ் ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் பிரிவு டொக்டர்கள் சிலர், பொப் கிளேபர், மாண்டோ வாட்சன் ஆகியோர் முன்னின்று, பக்கத்து ஜிபிக்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். பெயர் "கனெக்டிங் கெயர் ஃபொர் சில்ட்ரன்". மூன்று நான்கு ஜிபி சேர்ஜரிகள் (ஜிபிக்கள் இருந்து பார்க்கிற இடங்கள்) ஒன்றாகச் சேர்ந்து ஒரு "ஹப்" ஆகின்றன. ஒரு ஹப்பின் கீழ் ஏறக்குறைய 20,000 பேர் இருப்பார்கள், அதில் 4,000 பேரளவில் பிள்ளைகள். அந்த ஹப்புக்கென்று ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிள்ளைகள் கொன்சல்டன்ட் (மூத்த ஸ்பெஷலிஸ்ட் டொக்டர்) மாதத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு கிழமைக்கு ஒருமுறை, நேரில் வருவார். இடையில் ஜிபிக்குச் சந்தேகம் வந்தால் அவருக்கே போன் பண்ணலாம், மின்னஞ்சல் போடலாம். மூன்றாவதாக, அந்தப் பகுதிப் பெற்றோரையும் இதில் பங்காளிகளாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஊரில் என்றால் பிள்ளைகள் டொக்டரை நேரே சனல் பண்ணிக் காட்டிவிடுவோம். இங்கே ஏன் எல்லாவற்றுக்கும் ஜிபி?

இங்கிலாந்தில் அமைப்பே அப்படித்தான். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ காசைக் கட்டி, நம்பர் எடுத்து, அன்று பின்னேரமே ஸ்பெஷலிஸ்டைப் பார்த்துவிடலாம். சென்னையிலும் பிள்ளைகள் டொக்டரின் கிளினிக்குக்கு நேரே போகலாம். இங்கே அவசரம் இல்லாத எதற்கும் முதல் வாசல் ஜிபி. அவர் கடிதம் எழுதினால்தான் ஆஸ்பத்திரி கொன்சல்டன்ட் என்எச்எஸ் என்கிற அரசாங்க மருத்துவ சேவையில் பார்ப்பார். சிகிச்சை தொடங்க 18 கிழமைக்குள் என்று ஒரு இலக்கு இருக்கிறது. ஆனால் அதைத் தாண்டிக் காத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். இந்தக் காத்திருப்பைத்தான் பெற்றோர் தாங்க முடியாமல் ஏ அண்ட் ஈ என்கிற அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார்கள். அங்கே நான்கு ஐந்து மணித்தியாலம் இருந்து, பிள்ளையை முன்பின் பார்த்திராத ஒரு டொக்டரிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் "உங்கள் ஜிபியிடம் காட்டுங்கள்" என்ற பதிலோடு திரும்புகிறார்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், ஜிபிக்குப் பிள்ளைகளின் வருத்தம் பற்றி வடிவாகத் தெரியுமா?

கேட்க வேண்டிய கேள்விதான். ஜிபியிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பிள்ளை என்று சொல்வார்கள். ஆனால் ஜிபி ஆவதற்கான மூன்று வருடப் பயிற்சியில் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்டில் வேலை செய்யும் வாய்ப்புக் கிடைப்பதில்லை. சிலர் ஆறு மாதம் அங்கே இருந்திருப்பார்கள், சிலர் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டார்கள். பிள்ளைகள் கொன்சல்டன்ட் ஒருவருக்கோ அந்தத் துறை மட்டுமே வருடக்கணக்கில் வேலை.

இந்த இடைவெளியைக் கடிதத்தால் நிரப்ப முடியாது. ஜிபி ஒரு கடிதம் எழுதுவார், மாதக்கணக்கில் கழித்து ஆஸ்பத்திரி பதில் எழுதும், அதற்குள் பிள்ளை வளர்ந்தே விடும். ஏன் அப்படி முடிவெடுத்தார்கள் என்று ஜிபிக்குத் தெரியவே தெரியாது. அடுத்த கிழமை அதே வருத்தத்தோடு வேறொரு பிள்ளை வந்தாலும் இன்னொரு கடிதம்தான்.

ஒரே அறையில் இருந்து ஒரே பிள்ளையைப் பார்க்கும்போது கதை வேறு. கொன்சல்டன்ட் வயிற்றை எங்கே அமர்த்திப் பார்க்கிறார், எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார், எதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறார் என்பதையெல்லாம் ஜிபி கண்ணால் பார்க்கிறார். இந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். உங்கள் பிள்ளையைப் பார்த்த அன்று ஜிபி கற்றுக்கொண்டது, அடுத்த மாதம் நீங்கள் அறியாத இன்னொரு தாயின் பிள்ளைக்கு உதவும். கொன்சல்டன்ட் திரும்பிப் போன பிறகும் அது அந்தச் சேர்ஜரியிலேயே இருக்கும்.

ஜிபியிடமிருந்து கொன்சல்டன்டும் கற்றுக்கொள்கிறார். ஒரு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், சுவரில் பூஞ்சணம், தகப்பனுக்கு இரவு வேலை என்பதெல்லாம் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்காது. ஜிபிக்குத் தெரியும்.

அன்று அங்கே என்னதான் நடக்கும்?

இரண்டு பகுதி. முதல் பகுதிக்கு நீங்கள் போகத் தேவையில்லை. மதியத்தை ஒட்டி ஒரு மணித்தியாலம் போல எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள்: ஜிபிக்கள், கொன்சல்டன்ட், சேர்ஜரி நர்ஸ், ஹெல்த் விசிட்டர் (சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ்), சில இடங்களில் உணவு ஆலோசகர், பள்ளிக்கூட நர்ஸ், பிள்ளைகளின் மனநலம் பார்க்கிறவர். ஜிபிக்கள் தங்களுக்குப் பிடிபடாத பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொருவராகச் சொல்வார்கள். பாதிப் பிரச்சினை அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும். "நிறை கூடுதில்லை" என்று ஜிபி கவலைப்படுகிற பிள்ளையின் வீட்டுக்கு ஹெல்த் விசிட்டர் போன கிழமைதான் போய் வந்திருப்பார். பிள்ளை என்ன சாப்பிடுகிறது, யார் ஊட்டுகிறார்கள் என்று அவர் சொன்னவுடன் படம் முழுதாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது பகுதி கிளினிக். இதற்கு உங்களைக் கூப்பிடுவார்கள். வழக்கமான ஜிபி அப்பொயின்ட்மென்ட் பத்து நிமிடம்தான். இங்கே அதைவிட நீண்ட நேரம் ஒதுக்குவார்கள். அறைக்குள் இரண்டு டொக்டர்கள் இருப்பார்கள். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், பெரிய வருத்தம் என்பதால் இரண்டு பேர் வரவில்லை. வழக்கமாக ஒருவர் கேள்வி கேட்பார், மற்றவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு உங்கள் முன்னாலேயே இரண்டு பேரும் கதைத்து ஒரு முடிவுக்கு வருவார்கள். இது எங்கள் ஆட்களுக்குப் புதிய அனுபவம். "டொக்டருக்கே சந்தேகமா?" என்று நினைக்கிறவர்கள் உண்டு. சந்தேகத்தை வெளியே சொல்லிக் கதைக்கிற டொக்டர்களிடம் நீங்களும் கூச்சமில்லாமல் கேள்வி கேட்கலாம். ஏன் இந்த மருந்து, எவ்வளவு நாளைக்கு, நிற்பாட்டினால் என்ன ஆகும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் கேட்பதைவிட அது நல்லது.

எப்படியான வருத்தங்களை அங்கே பார்ப்பார்கள்?

ஆபத்தில்லாத, ஆனால் குடும்பத்தையே ஆட்டிப்படைக்கிற வருத்தங்கள்.

மலச்சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை, கிழமைக்கு ஒருதரம் அழுது அழுது போகும், இடையில் உடுப்பில் கசியும். கசிவதைக் கண்டு "வயிற்றோட்டம்" என்று தாய் நினைத்து மருந்தை நிற்பாட்டிவிடுவார். உண்மையில் உள்ளே இறுகிப்போன மலத்தைச் சுற்றித்தான் அது கசிகிறது. இங்கே முதலில் கொடுப்பது மெக்ரோகோல் என்ற தூள், தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். முதலில் அளவைக் கூட்டிக் கூட்டி உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும், பிறகு குறைந்த அளவில் மாதக்கணக்கில் தொடர வேண்டும். இரண்டு பாக்கெட் கொடுத்துவிட்டு "இது வேலை செய்யாது" என்று விட்டவர்கள்தான் கூடுதலாகத் திரும்பி வருகிறார்கள். பிள்ளைக்குப் பழக்கமாகிவிடும் என்ற பயம் எங்கள் வீடுகளில் மிக அதிகம். மருந்தை இடையில் விடுவதால் வருகிற சிக்கல்தான் அதைவிடப் பெரிது. இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. நேரம் இருக்கிற கிளினிக்கில் முடியும்.

அடுத்தது கரப்பன். எக்ஸிமா என்று இங்கே சொல்வார்கள். வெள்ளைத் தோலில் அது சிவப்பாகத் தெரியும். எங்கள் பிள்ளைகளின் தோலில் கருமையாக, ஊதாவாக, சில நேரம் சாம்பல் பூத்தது போல இருக்கும். படங்களில் சிவப்பை மட்டுமே பார்த்துப் படித்த ஒருவர் அதன் கடுமையைக் குறைத்து மதிப்பிடலாம். அனுபவமுள்ள கொன்சல்டன்ட் கையால் தடவிப் பார்த்து, தோல் எவ்வளவு தடித்திருக்கிறது, சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார். ஈரப்பசைக் கிறீமை எவ்வளவு பூச வேண்டும் தெரியுமா? பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம் வரை. எங்கள் வீடுகளில் ஒரு சின்ன டியூப் இரண்டு மாதம் வருகிறது. ஸ்டீரொய்ட் கிறீம் என்றதும் பயந்து அலுமாரிக்குள் வைத்துவிடுகிறோம். ஊரிலிருந்து வந்த எண்ணெயைப் பூசுகிறீர்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஒருவரும் ஏசமாட்டார்கள். இன்னொன்று: இந்தக் கிறீம்கள் உடுப்பிலும் படுக்கை விரிப்பிலும் ஊறிவிட்டால் சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு, அடுப்புப் பக்கம் பிள்ளையை விடவேண்டாம்.

முட்டு, இழுப்பு, விடாத இருமல். முட்டு வந்த நேரம் உடனே இழுக்கிற நீல இன்ஹேலரை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்பது இப்போதைய வழிகாட்டல். ஸ்பேசர் என்கிற குழாயை முகத்தில் சரியாகப் பொருத்திக் கொடுக்கிறீர்களா என்று நர்ஸ் செய்து பார்க்கச் சொல்வார். மருந்து மாற்றாமலே, பிடிக்கிற முறையைத் திருத்தியதும் சுகம் கண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பசும்பால் ஒவ்வாமை, சத்தி எடுத்துக்கொண்டே இருக்கிற குழந்தை, அடிக்கடி தலையிடி, இரவில் படுக்கை நனைப்பது இவையும் உண்டு. வெளிறிப்போய்க் களைத்திருக்கிற இரண்டு வயதுப் பிள்ளைகளையும் கொண்டுவருவார்கள். ஒரு நாளைக்கு ஒரு லீட்டர் பால் போத்தலில் குடித்துவிட்டுச் சோறு வேண்டாம் என்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறையும். அம்மம்மாவுக்குப் பால் குடித்தால் போதும் என்ற திருப்தி, பிள்ளைக்கு இரத்தக்குறைவு. அதோடு, இந்த நாட்டில் வெயில் காணாது, எங்கள் தோலுக்கு இன்னும் காணாது. ஒன்று முதல் நான்கு வயது வரை தினமும் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி கொடுக்கச் சொல்வது இங்கே பொதுவான அறிவுரை.

இது காசு மிச்சம் பிடிக்கிற தந்திரம் இல்லையா?

அரசாங்கம் இதை விரும்புவதற்குக் காசும் ஒரு காரணம்தான், மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது தொடங்கிய காலத்தில் ஆஸ்பத்திரிக்கு இது நட்டம். இங்கிலாந்தில் 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. கிளினிக்குக்கு ஒரு பிள்ளை புதிதாக வந்தால் அதற்கொரு தொகை. அந்தப் பிள்ளையை ஜிபியிடமே பார்த்து முடித்தால் அந்தத் தொகை போச்சு. கொன்சல்டன்டின் நேரத்துக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்ற இழுபறி இப்படியான பல முயற்சிகளின் கழுத்தை நெரித்திருக்கிறது. அதையும் மீறி ஆஸ்பத்திரி டொக்டர்களே பையைத் தூக்கிக்கொண்டு சேர்ஜரிக்கு வந்தார்கள் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கொவிட் காலத்தில் காசு கொடுக்கும் முறை மாறியது. 2022 ஜூலையிலிருந்து ஒரு பிரதேசத்தின் ஆஸ்பத்திரி, ஜிபி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிடுகிற சபைகள் வந்தன. 2025 ஜூலையில் வெளிவந்த என்எச்எஸ் பத்தாண்டுத் திட்டமும் ஆஸ்பத்திரியிலிருந்து அயலுக்கு என்பதை முக்கியக் குறிக்கோளாகச் சொல்கிறது. சொன்னால் மட்டும் போதாது. கொன்சல்டன்ட் வருகிற அந்த அரை நாளுக்கும், ஜிபி ஒரு மணித்தியாலம் மேசையில் இருப்பதற்கும் காசு ஒதுக்கவேண்டும். அதை ஒதுக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் பெற்றோர் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

உங்களுக்கு இதில் செலவு ஒன்றும் இல்லை. 16 வயதுக்குக் கீழே மருந்தும் இலவசம்.

பலன் இருக்கிறதா, அல்லது சும்மா சொல்கிறார்களா?

2016ல் சென்ட் மேரிஸ் குழு தங்கள் கணக்கை மருத்துவ இதழில் வெளியிட்டது. ஒரு ஹப்பில், ஆஸ்பத்திரியில் புதிதாகப் பார்க்கவேண்டியிருந்த அப்பொயின்ட்மென்ட்களில் 39 சதவீதம் தேவையே இல்லாமல் போயிற்று. இன்னொரு 42 சதவீதம் ஜிபி சேர்ஜரிக்கு மாறியது. ஆஸ்பத்திரி அட்மிஷன் 17 சதவீதமும், ஏ அண்ட் ஈக்கு வருகிறவர்கள் 22 சதவீதமும் குறைந்தார்கள்.

நல்ல எண்கள்தான். ஆனாலும் அது ஒரு ஹப்பின் கதை, திட்டத்தை நடத்தியவர்களே எடுத்த கணக்கு. தெற்கு லண்டனில், சதர்க், லாம்பெத் பகுதிகளில், இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு திட்டத்தைப் பெரிய அளவில், சேர்ஜரிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஆஸ்துமா, எக்ஸிமா, மலச்சிக்கல் உள்ள பிள்ளைகளைத் தேடிப்போய் உதவுவது அதில் முக்கியப் பங்கு. முதல் இரண்டு வருடத்தில் அவசர அட்மிஷன் குறைந்ததாக அது காட்டவில்லை. அதற்காக இது வீண் என்று நான் சொல்லமாட்டேன். அட்மிஷன் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளந்தால், நித்திரையில்லாமல் சொறிந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது தூங்குகிறது என்பது கணக்கில் வராது. ஆனால் "இது வந்தால் ஏ அண்ட் ஈ காலியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

அங்கே பார்த்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற வாய்ப்புப் போய்விடுமா?

இல்லை. தேவை என்றால் அந்தக் கொன்சல்டன்டே ஆஸ்பத்திரிக்கு எடுப்பார். சரியான பிரிவுக்கு, சரியான விபரத்தோடு போவதால் அங்கே திரும்ப முதலிலிருந்து தொடங்கத் தேவையும் இருக்காது.

எதற்கு இந்தக் கிளினிக்கை நம்பிக் காத்திருக்கக் கூடாது?

அவசரம் எதற்கும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல். கண்ணாடிக் கிளாஸை அமர்த்தினாலும் மறையாத தடிப்பு. மூச்செடுக்கும்போது விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே இழுபடுவது. எழுப்பியும் விழிக்காமல் சோர்ந்து கிடப்பது. முதல் தடவையாக வலிப்பு. 12 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாதது. இவற்றில் எது என்றாலும் 999 அல்லது நேரே ஏ அண்ட் ஈ. எங்கள் பிள்ளைகளுக்கு உதடு நீலமாவது உடனே தெரியாது, நாக்கையும் முரசையும் பாருங்கள். பிறந்த குழந்தைக்கு மஞ்சட்காமாலை என்று சந்தேகம் என்றால் கண் வெள்ளையைப் பாருங்கள். அவசரமா இல்லையா என்று தெரியவில்லை என்றால் என்எச்எஸ்ஸின் ஆலோசனை எண் 111க்கு அடியுங்கள்.

இருதய வருத்தம், புற்றுநோய், சத்திரசிகிச்சை போன்றவை வழக்கம் போல ஆஸ்பத்திரியில்தான்.

ஓட்டிசமா என்று பார்ப்பதற்கு இங்கே முடியுமா?

முழுமையான மதிப்பீடு வேறு குழுவின் வேலை, அதற்கான வரிசையும் நீளம். ஆனால் பேச்சுத் தாமதம், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதது போன்ற கவலைகளை இங்கே சொல்லலாம். காது கேட்கிறதா என்று பார்ப்பது முதல், யாரிடம் அனுப்புவது என்பது வரை அங்கேயே தொடங்கிவிடுவார்கள். "ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைக்கும்" என்று மாமி சொன்னதற்காக ஒரு வருடம் பொறுத்திருக்க வேண்டாம்.

எங்கள் சேர்ஜரியில் இப்படி ஒன்றும் இல்லையே?

எல்லா இடத்திலும் இல்லை. முதலில் ரிசெப்ஷனில், "சைல்ட் ஹெல்த் ஹப் இங்கே இருக்கிறதா?" என்று கேளுங்கள். ரிசெப்ஷனில் இருப்பவருக்குத் தெரியாவிட்டாலும் ஜிபிக்குத் தெரிந்திருக்கும்.

இல்லை என்றாலும் இன்னொரு வழி இருக்கிறது. இங்கிலாந்து முழுவதும் ஜிபிக்கள் கணினி மூலம் ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டிடம் எழுத்தில் கேள்வி கேட்கலாம். "அட்வைஸ் அண்ட் கைடன்ஸ்" என்று பெயர். ஜிபி ரெஃபர் பண்ணத் தயங்கினால், "பிள்ளைகள் டொக்டரிடம் அட்வைஸ் அண்ட் கைடன்ஸ் கேட்க முடியுமா?" என்று தன்மையாகக் கேளுங்கள். அந்தச் சொல்லையே பாவியுங்கள். எங்கள் ஆட்கள் ஒன்றில் தலையாட்டிவிட்டு வருவார்கள், இல்லையென்றால் கோபப்பட்டுவிட்டு வருவார்கள். சரியான பெயரைச் சொல்லிக் கேட்டால் இரண்டுக்கும் அவசியம் இல்லை.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. மூத்த மகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

துணைக்குக் கூட்டிப்போங்கள், ஆனால் அவரை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தம்பியின் வருத்தத்தைப் பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் சுமத்துவது சரியில்லை. வெட்கத்தில் சிலதைச் சொல்லாமலும் விட்டுவிடும். மொழிபெயர்ப்பாளரை என்எச்எஸ் இலவசமாக ஒழுங்குபண்ணும், போனிலும் வரலாம். அப்பொயின்ட்மென்ட் வைக்கும்போதே "தமிழ் இன்டர்பிரிட்டர்" என்று பதியச் சொல்லுங்கள். அன்று போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

மேசையைச் சுற்றி இத்தனை பேர் எங்கள் பிள்ளையைப் பற்றிக் கதைப்பதா?

அங்கே இருப்பவர்கள் எல்லோரும் பிள்ளையின் பராமரிப்போடு சம்பந்தப்பட்டவர்கள், இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனாலும் விருப்பமில்லை என்று ஜிபியிடம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: கூட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோரும் இதில் பங்காளிகள் என்றீர்களே, அது எப்படி?

"பிராக்டிஸ் சாம்பியன்" என்று அந்தச் சேர்ஜரிப் பெற்றோர் சிலர் தொண்டர்களாகச் சேர்கிறார்கள். மருத்துவ ஆலோசனை சொல்வது அவர்களின் வேலை இல்லை. புதுத் தாய்மாரைக் கூட்டி ஒரு தேநீர்க் காலை வைப்பது, எங்கே போனால் என்ன உதவி கிடைக்கும் என்று சொல்வது, சேர்ஜரியில் எது சரியில்லை என்று டொக்டர்களிடம் எடுத்துச் சொல்வது. தமிழ்த் தாய்மார் இதில் சேரவேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. கோயிலில், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் நேரத்தில் நாம் பிள்ளைகளின் காய்ச்சல், சாப்பாடு பற்றித்தானே கதைக்கிறோம். அதை சேர்ஜரிக்குள்ளும் கொண்டுபோகலாம்.

மெல்பேர்னில் இருக்கிற அக்காவும் இதே மாதிரி ஒன்று சொன்னாரே?

அங்கேயும் உண்டு. மெல்பேர்னின் வடமேற்கில் ஐந்து சேர்ஜரிகளில் தொடங்கி, பிறகு விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 22 சேர்ஜரிகளில் ஆய்வாக நடத்தினார்கள். அங்கே ஒரு வருடத் திட்டம்: முதல் ஆறு மாதம் பிள்ளைகள் டொக்டர் கிழமைக்கு ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை சேர்ஜரிக்கு வந்து ஜிபியோடு சேர்ந்து பிள்ளைகளைப் பார்ப்பார். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஜிபி தானே சமாளிக்கவேண்டும் என்ற எண்ணம் அந்த அமைப்பிலேயே இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது.

கிளினிக்குக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பிள்ளையின் சிவப்புப் புத்தகம். நிறை, உயரம், ஊசி எல்லாம் அதில்தான் இருக்கிறது. கொடுக்கிற எல்லா மருந்தும்: பாணி, குளிசை, கிறீம், இன்ஹேலர், ஸ்பேசர், தமிழ்க் கடையில் வாங்கினது, ஊரிலிருந்து வந்தது, எதையும் விடாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். இரவில் இருமுவது, இழுப்பது, உடம்பு உதறுவது போன்றவை டொக்டருக்கு முன்னால் வராது. போனில் அரை நிமிடம் வீடியோ எடுத்துவையுங்கள். தோலில் வந்து வந்து போகிற தடிப்பை வந்த அன்றே, லைட் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். மூன்று நாளைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டது, எவ்வளவு பால் குடித்தது, எத்தனை தரம் மலம் போனது என்று ஒரு கடதாசியில் தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொல்வார். நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகளில் மிக முக்கியமானதை அந்தக் கடதாசியின் முதல் வரியில் எழுதுங்கள், அறைக்குள் போனதும் முதலில் அதைக் கேளுங்கள்.